60 மைல்ல தரை உதறுற மோட்டார்ஹோம், போர்ட் வொர்த் ட்ரைவ்ஷாஃப்ட் ஷாப் ரிவ்யூ

மொதல்லயே மார்க் சொல்லிடுறேன், அஞ்சுக்கு நாலரை. அரை எதுக்குக் கொறைச்சேன்னு கீழ வருது. இது ஆர்வி (மோட்டார்ஹோம் மாதிரி வீட்டு வண்டி) சர்வீஸ் சென்டர் இல்ல, டெக்சாஸ்ல போர்ட் வொர்த் பக்கம் குடோன் ஏரியாவுல இருக்குற ட்ரைவ்ஷாஃப்ட் ஷாப், அதாவது கியர்பாக்ஸ்ல இருந்து பின் ஆக்ஸிலுக்கு சுத்தலைக் கொண்டு போற நீளத் தண்டைச் சரி பண்ற எடம். டிப்பர், கான்க்ரீட் மிக்சர், பள்ளிக்கூட பஸ்னு பெரிய வண்டிங்களோட ஷாஃப்டை வெட்டி வெல்டு வெச்சு பேலன்ஸ் பண்றதுதான் அவங்க தொழிலே, நம்ம மோட்டார்ஹோம் எல்லாம் அவங்களுக்கு எப்பவாவது வர்ற விருந்தாளி. பேரை இங்க போட்டா காசு வாங்கிட்டு எழுதுறான்னு நாலு பேர் வருவீங்க, வேணுங்கறவங்க இன்பாக்ஸ்ல கேளுங்க சொல்றேன்.

வண்டி என்னன்னு தெரிஞ்சாதான் மத்தது புரியும். போர்டு எஃப்53 சேஸி, 242 இன்ச் வீல்பேஸ், 6.8 லிட்டர் வி10 பெட்ரோல் இஞ்சின், அஞ்சு கியர் ஆட்டோமேட்டிக், 22.5 இன்ச் ரிம் டயர், பின் ஆக்ஸில் 5.38 ரேஷியோ. செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. இஞ்சின் முன்னாடி, ஆக்ஸில் அங்க கடைசியில, நடுவுல ஷாஃப்ட் ஒரே பீஸா இருக்க முடியாது, மூணு துண்டு, நடுவுல தாங்கிப் பிடிக்க ரெண்டு சென்டர் பேரிங், துண்டுங்க சேருற எடத்துல மடங்கிச் சுத்த கிராஸ் ஜாயின்ட். பிரச்சினை என்னன்னா 57, 58 மைல் ஸ்பீடு வரைக்கும் சமத்தா போகும், 60ல இருந்து 64 வரைக்கும் கால் வெச்சிருக்குற தரை உய்ய்ய்னு உதறும், சீட்டுக்கு அடியில தெரியும், கிச்சன் ட்ராயர்ல இருக்குற எவர்சில்வர் டம்ளர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கச்சேரி வைக்கும், 67 தாண்டுனா கொஞ்சம் அடங்கும். ஸ்டியரிங்ல மட்டும் ஒண்ணும் தெரியாது. ஐ-20 ஹைவேல மேற்க போறப்ப ரேஞ்சர் ஹில் ஏத்தத்துல ஆக்சிலரேட்டர் மிதிச்சா ரொம்ப மோசம், காலை எடுத்தா பாதியா கொறையும். இந்தக் கடைசி விஷயத்தை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, முக்காவாசி டயக்னோஸே அதுலதான் இருக்கு.

இதுக்கு முன்னாடி போன இடம் எல்லாம் பேர் சொல்லாம சொல்றேன். டீலர் சர்வீஸ்ல ஆறு டயரும் மாத்தணும், 3,600 டாலர் ஆகும்னாங்க. டயர் கடையில பேலன்ஸ் பண்ணிப் பாப்போம்னாங்க. இன்னொரு கராஜ்ல ஷாஃப்டை இறக்கி பேலன்ஸ்க்கு அனுப்பலாம், பழைய வண்டிதானே எப்படியும் தேவைப்படும்னாங்க. யாரு எதை விக்கிறாங்களோ அதுதான் நமக்கு வியாதி, அவ்வளவுதான். எந்த ஸ்பீடுல வருது, லோடுல வருதா லோடு இல்லாம வருதானு ஒருத்தர் கூட கேக்கல. நாமக்கல்ல லாரி வெச்சிருக்குற என் மச்சான்தான் போன்ல கேட்டவுடனே "டயரா இருந்தா காலை எடுத்தாலும் எடுக்காட்டியும் ஒரே மாதிரிதான் ஆடும் மாப்ள, நீங்க கிராஸையும் சென்டர் பேரிங்கையும் பாக்கச் சொல்லுங்க"ன்னாரு. வண்டியைப் பாக்காமயே, பதினஞ்சாயிரம் கிலோமீட்டர் தள்ளி உக்காந்துக்கிட்டு.

இந்த ஷாப்புக்கு போன் பண்ணா மூணு தடவை அடிச்சாதான் எடுக்குறாங்க, எடுத்தா சுருக்கமா பேசுறாங்க, ஆனா கேள்வி எல்லாம் சரியான கேள்வி. எந்த ஸ்பீடு, மேடு ஏறுறப்ப கூடுதா, ஸ்டியரிங்லயா தரையிலயா, கடைசியா சஸ்பென்ஷன்ல யாராவது கை வெச்சாங்களா. அப்புறம் ஒண்ணு சொன்னாங்க பாருங்க, அப்பவே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு. தண்ணி டேங்க், பெட்ரோல் டேங்க் ரெண்டும் ஃபுல் பண்ணி, ட்ரிப் போறப்ப என்னென்ன சாமான் ஏத்துவீங்களோ அத்தனையும் ஏத்திக்கிட்டு வாங்க, காலி வண்டியா கொண்டு வராதீங்கன்னாங்க. காரணம் சிம்பிள், லோடு ஏறுனா ஸ்பிரிங் பட்டை அமுங்கும், ஆக்ஸிலுக்கும் சேஸிக்கும் நடுவுல இருக்குற உயரம் மாறும், ஷாஃப்டோட சரிவும் மாறும், காலி வண்டியில அளந்த கோணத்தை வெச்சு ரோட்டுல ஓடுற வண்டியைச் சரி பண்ண முடியாது. அதே காரணத்துக்குத்தான் ஆக்ஸிலைத் தொங்க விட்டு லிஃப்ட்ல தூக்கி அளக்குற கடைக்குப் போகாதீங்கன்னு சொல்றேன், வீல் தரையில நிக்கணும், இல்ல வண்டி அப்படியே ஏறி நிக்கிற ரேம்ப் இருக்கணும்.

போனதும் கீழ படுத்துப் பாப்பாங்கன்னு நெனச்சா, முதல்ல ரோட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போனாங்க. வயசான மெக்கானிக் ஒருத்தர் பக்கத்து சீட்ல லேப்டாப் வெச்சுக்கிட்டு உக்காந்தாரு, நான்தான் ஓட்டுனேன். அவங்க வெச்சிருக்குறது பிகோஸ்கோப்போட என்விஹெச் கிட், சத்தத்தையும் அதிர்வையும் அளக்குற கருவி. சின்ன சென்சார் ஒண்ணு காந்தத்துல சீட் ரெயில்ல ஒட்டிக்கிச்சு, இன்னொண்ணு பின்னாடி ஆக்ஸில் பக்கம் சேஸியில. வண்டியோட டயக்னோஸ்டிக் போர்ட்ல இருந்து இஞ்சின் ஆர்பிஎம்மும் ரோட் ஸ்பீடும் எடுத்துக்குது, டயர் சைஸ், ஆக்ஸில் ரேஷியோ இதெல்லாம் நாம கொடுக்கணும், அப்புறம் ஸ்கிரீன்ல தெரியுற ஒவ்வொரு அதிர்வு முள்ளுக்கும் அதுவே பேர் வெச்சிருது, டயர்னா டி1, ஷாஃப்ட்னா பி1, இஞ்சின்னா இ1. ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை அடிச்சா டி2, பி2.

மெஷின் இல்லாமயும் இந்தக் கணக்கை வீட்ல உக்காந்து போடலாம், போட்டுப் பாத்தா பாதி குழப்பம் தீரும். என் டயர் ஒரு மைலுக்கு சுமாரா 550 சுத்து சுத்தும். 60 மைல் ஸ்பீடுன்னா நிமிஷத்துக்கு ஒரு மைல், அப்ப டயர் நிமிஷத்துக்கு 550 சுத்து, செகண்டுக்கு 9 சொச்சம். டயர்ல கோளாறுன்னா செகண்டுக்கு 9 தடவை ஆட்டும், அது உதறல் மாதிரி இருக்காது, குலுக்கல் மாதிரி இருக்கும், தொடை சதை ஆடுறது தெரியும். ஷாஃப்ட் அதை விட 5.38 மடங்கு வேகம், நிமிஷத்துக்கு 2,960, செகண்டுக்கு 49. பேலன்ஸ் போயிருந்தா, ஷாஃப்ட் வளைஞ்சிருந்தா, பைப்ல நசுங்கல் இருந்தா இந்த 49ல வரும். கிராஸ் ஜாயின்ட் கோணத்துல தப்புன்னா ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை, ஆக செகண்டுக்கு 99 தடவை, அதாவது 99 ஹெர்ட்ஸ், அது கைக்குத் தெரியுறதை விட காதுக்கும் பாதத்துக்கும்தான் தெரியும், ரீங்காரம் மாதிரி. அஞ்சாவது கியர்ல இஞ்சின் அந்த ஸ்பீடுல 2,100 ஆர்பிஎம், 35 ஹெர்ட்ஸ். இதுல அந்த மெக்கானிக் ஒரு சூட்சுமம் சொன்னாரு, நாலாவது கியர் 1க்கு 1, அதுல இஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்துல சுத்தும், அதனால நாலுல வெச்சு டெஸ்ட் பண்ணா இ1, பி1 ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்கும், யாரு குத்தவாளின்னே தெரியாது. அஞ்சுல வெச்சாதான் பிரியும்.

62ல நிலையா பிடிக்கச் சொன்னாரு. ஸ்கிரீன்ல டி1 கொஞ்சமா, பி1 குட்டியா, பி2 மட்டும் தென்னை மரம் மாதிரி நிக்குது. மெதுவா ஆக்சிலரேட்டரைக் கூட்டச் சொன்னாரு, அது இன்னும் ஏறுச்சு, காலை எடுத்தேன், பாதிக்குக் கீழ விழுந்துச்சு, டி1 மட்டும் அசையவே இல்ல. அவரு லேப்டாப்பை மூடிட்டு "ஆங்கிள்"னு ஒரே வார்த்தைதான் சொன்னாரு. டீலர் சொன்ன ஆறு டயரும், கராஜ்காரர் சொன்ன பேலன்ஸும் பண்ணியிருந்தா இந்த மரம் அப்படியேதான் நின்னிருக்கும். இந்த வேலைக்கு வாங்குன காசு 340 டாலர், ரிவ்யூவுல நான் அடிக்கோடு போடுறது இதுக்குத்தான்.

போன்ல இலவச வைப்ரேஷன் ஆப் இருக்கே, அதுக்கு எதுக்கு 340ன்னு கேப்பீங்க. ஐபோன்ல இந்த மாதிரி ஆப் பொதுவா செகண்டுக்கு 100 தடவைதான் சென்சாரைப் படிக்கும். 100 தடவை படிச்சா அதுல பாதி, அதாவது 50 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ஒழுங்கா தெரியும். டயரோட 9 பளிச்சுனு தெரியும், ஷாஃப்டோட 49 விளிம்புல தொங்கும், 99 நடந்தாலும் ஆப் அதை 99னு காட்டாது. அப்ப ஸ்கிரீன்ல பெருசா தெரியுறது டயர் ஒண்ணுதான், டயர் கடைக்குத்தான் போகச் சொல்லும். டயர் சந்தேகம்னா ஆப் போதும், ஷாஃப்ட் சந்தேகம்னா பத்தாது.

கீழ இறங்குன வேலையை நான் கூடவே நின்னு பாத்தேன், விட்டாங்க, அதுவே பெரிய விஷயம். முதல்ல எல்லா வீலுக்கும் கட்டை வெச்சாங்க. எஃப்53ல பார்க்கிங் பிரேக் ட்ரம் கியர்பாக்ஸுக்குப் பின்னாடி ஷாஃப்ட் லைன்லயேதான் இருக்கு, ஷாஃப்டைக் கழட்டிட்டா வீலைப் பிடிச்சு வைக்க பார்க்கிங் பிரேக்கே கிடையாது. இதை வீட்டு வாசல்ல கழட்டிப் பாக்கணும்னு நெனைக்கிறவங்க தயவு செஞ்சு மனசுல வெச்சுக்கோங்க, பத்து டன் வண்டி சும்மா உருண்டு போயிரும். அந்த ட்ரம்மும் ஷாஃப்டோட சேர்ந்துதான் சுத்துது, அதுல சேறு காஞ்சு ஒட்டியிருந்தாலே பி1 ஏறும், அதையும் சுத்தம் பண்ணிப் பாத்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போனாங்க.

அப்புறம் கோணம். யோக்கோட, அதாவது கிராஸைப் பிடிக்கிற கவட்டையோட, மெஷின் பண்ண முகத்தை வயர் பிரஷ்ஷால பளபளன்னு தேச்சுட்டு, டிஜிட்டல் ஆங்கிள் மீட்டரை வெச்சு, கியர்பாக்ஸ்ல இருந்து பினியன் (ஆக்ஸிலுக்குள்ள போற தண்டு) வரைக்கும் ஒவ்வொரு துண்டோட சரிவையும் சாக்பீஸ்ல தரையிலயே எழுதிக்கிட்டே வந்தாரு. பக்கத்துப் பக்கத்து ரெண்டு துண்டோட சரிவைக் கழிச்சா வர்றதுதான் அந்த ஜாயின்ட் வேலை செய்யுற கோணம். நடு ஷாஃப்ட் 2.0 டிகிரி, கடைசி ஷாஃப்ட் 5.6, பினியன் 4.4. அப்ப கடைசி ஷாஃப்டோட முன் ஜாயின்ட்ல 3.6, பின் ஜாயின்ட்ல 1.2. இங்கதான் கதை. கிராஸ் ஜாயின்ட் கோணத்துல சுத்தும்போது ஒரு சுத்துக்குள்ளயே ரெண்டு தடவை வேகம் கூடி ரெண்டு தடவை கொறையும், முன்னாடி ஜாயின்ட் பண்ற அந்த ஏத்த இறக்கத்தை பின்னாடி ஜாயின்ட் எதிர்ப்பக்கம் பண்ணி அழிச்சிரணும், ரெண்டு கோணமும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தாதான் அது அழியும். ட்ரைவ்ஷாஃப்ட் பார்ட்ஸ் பண்ற ஸ்பைசர் கொடுக்குற விதிப்படி ரெண்டுக்கும் ஒரு டிகிரிக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது, ஒவ்வொண்ணும் மூணு டிகிரிக்குள்ள இருக்குறது நல்லது, ஆனா கோணமே இல்லாம நேராவும் இருக்கக்கூடாது, இருந்தா கிராஸ் உள்ள இருக்குற ஊசி பேரிங் உருளாம ஒரே எடத்துல உக்காந்து குழி போட்டுரும். எனக்கு வித்தியாசம் 2.4.

ஏன் இப்படி ஆச்சுன்னு தேடுனா, பழைய ஓனர் பின்னாடி தாழுதுன்னு ரெண்டு பக்கமும் ஒரு பட்டை சேத்திருக்காரு. பெயிண்ட் கலரே வேற, பட்டை மேல துரு கூட இல்ல, பாத்தா தெரியுது. சேஸி தூக்குச்சு, ஆக்ஸில் இருந்த எடத்துலயே இருந்துச்சு, கடைசி ஷாஃப்ட் செங்குத்தா போச்சு. பட்டை ஏத்துனவன் வண்டி நிமிர்ந்துச்சுன்னு கை கழுவிட்டான், ஷாஃப்ட் என்ன ஆகும்னு பாக்கல.

கழட்டுன கிராஸைக் கையில கொடுத்தாங்க. கண்ணுக்கு நல்லாதான் இருக்கு, கப்பைத் தொடச்சுட்டு நகத்தை வெச்சு இழுத்தா தண்டுல வரி வரியா நகம் மாட்டுது, ஊசி பேரிங் பதிஞ்ச தடம். ஒரு கப்ல கிரீஸுக்குப் பதிலா செங்கல் பொடி மாதிரி துருத்தூள். கிரீஸ் அடிக்கிறப்ப நாலு கப் வாய்லயும் புது கிரீஸ் எட்டிப் பாக்கணும், மூணுல வந்துச்சேன்னு விட்டா நாலாவது இப்படித்தான் சாகும்னாரு. பின் சென்டர் பேரிங்கோட ரப்பர் கால்வாசி கிழிஞ்சு தொங்குது, ஷாஃப்ட் ஆடுறதை அது பிடிக்கிறதுக்குப் பதிலா சேர்ந்து ஆடியிருக்கு. நின்ன வண்டியை எடுக்குறப்ப ஒரு நடுக்கம் வரும், நான் கியர்பாக்ஸ்னு நெனச்சு பயந்துட்டு இருந்தேன், அது இந்த ரப்பராம். ஷாஃப்டை இறக்குறதுக்கு முன்னாடி ஸ்ப்ளைன்ல (ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகுற பல்லு வெச்ச எடம்) ரெண்டு பக்கமும் பெயிண்ட் கோடு போட்டாங்க, ஒரு பல்லு மாறி மாட்டுனாலும் ரெண்டு யோக்கும் ஒரே நேர்ல நிக்காது, புதுசா ஒரு பி2 பொறந்துரும். உங்க மெக்கானிக் கோடு போடாம ஷாஃப்டை உருவுறார்னா அங்கயே நிறுத்துங்க.

வேலைன்னு பாத்தா, பின் சென்டர் பேரிங் பிராக்கெட்ல ஸ்பேசர் வெச்சு இறக்குனாங்க, ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவுல ஒன்றரை டிகிரி சரிவு வெச்ச தகடு, எல்லா கிராஸும் புதுசு, ரெண்டு சென்டர் பேரிங்கும் புதுசு, மூணு துண்டையும் மெஷின்ல ஏத்தி பேலன்ஸ். இப்ப நடு ஷாஃப்ட் 2.6, கடைசி 4.9, பினியன் 2.9, அதாவது 2.3ம் 2.0ம். முன்னாடி ஜாயின்ட்டுங்க இதனால கெட்டுச்சானும் திரும்ப அளந்தாங்க. டயக்னோஸ் சேர்த்து மொத்த பில்லு 1,710 டாலர். சல்லிசுன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஆறு டயர் விலையில பாதிக்கும் கம்மி, அதோட வியாதி போயிருச்சு. அதே 62ல திரும்ப கிராஃப் எடுத்துக் காட்டுனாங்க, பி2 இருந்த எடம் தரையோட தரையா இருக்கு. டம்ளர் கச்சேரி நின்னு போச்சு, வீட்டம்மாவுக்கு பாதம் மரத்துப் போறதும் இல்ல.

இப்ப அந்த அரை மார்க். வெயிட்டிங் ரூம்னு ஒண்ணு இல்ல, ரெண்டு பிளாஸ்டிக் சேர், ஒரு ஃபேன், வெளிய டெக்சாஸ் வெயில். ராத்திரி வண்டிக்குள்ள தங்க விட மாட்டாங்க, கரண்ட் கனெக்ஷனும் கிடையாது, ஷெட்டுக்குள்ள ஜெனரேட்டர் போடவும் கூடாது, அதனால ஃப்ரிட்ஜை காலி பண்ணிட்டுப் போங்க, குழந்தைங்க இருந்தா ஹோட்டல் போட்டுருங்க. சொன்ன நாளுக்கு ஒரு நாள் லேட், பார்ட்ஸ் வரலைன்னு நாமளா போன் பண்ணி கேட்டாதான் சொல்றாங்க. கார்டுல கட்டுனா மூணு சதவீதம் கூட. ரிப்போர்ட் கேட்டா சாக்பீஸ்ல எழுதுனதை போட்டோ எடுத்து அனுப்புறாங்க, வண்டி விக்கிறப்ப காட்ட ஒரு பேப்பர் இருந்தா நல்லா இருந்திருக்கும். ஆர்வி சர்வீஸ் சென்டர்ல காபி மெஷினும் சோபாவும் இருக்கும், என்னைக் கேட்டா சாக்பீஸ்தான் தேவலை.

டீசல் புஷர் வெச்சிருக்கவங்களுக்கு இதுல கொஞ்சம் மாறும், நான் அங்க கேட்டதை சொல்றேன். உங்களுக்கு இஞ்சின் பின்னாடி, ஷாஃப்ட் குட்டையா ஒரே துண்டு, சென்டர் பேரிங் தொல்லை கிடையாது, ஆனா ஷாஃப்ட் குட்டைங்கறதால ஆக்ஸில் கொஞ்சம் ஏறி இறங்குனாலே கோணம் வேகமா மாறும். ஏர் சஸ்பென்ஷன்ல ரைட் ஹைட் (வண்டி நிக்க வேண்டிய உயரம்) தப்பா இருந்தா அதுவே போதும் பி2 வர, அதனால ஷாஃப்ட்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி வால்வு அட்ஜஸ்ட்மென்ட்டை சேஸி கம்பெனி கொடுத்த அளவோட சரி பாக்கச் சொல்லுங்க, பல நேரம் ஒரு ரூபா பார்ட்ஸ் இல்லாம முடிஞ்சிரும். அலிசன் கியர்பாக்ஸ்காரங்க டெஸ்ட்டுக்காக ஹைவேல நியூட்ரல் போட்டு உருட்டாதீங்க, கியர்பாக்ஸுக்கும் ஆகாது, இஞ்சின் பிரேக்கும் இல்லாம போயிரும். அதுக்குப் பதிலா அதே 55ல ஆறாவதுல ஒரு தடவை, அம்புக்குறி அமுக்கி அஞ்சுல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, இஞ்சின் ஆர்பிஎம் மாறியும் உதறல் மாறலைன்னா இஞ்சின் பக்கம் போக வேண்டியதில்ல, ஷாஃப்டும் டயரும்தான் மிச்சம்.

என் வண்டியில டி1 கொஞ்சம் இன்னும் இருக்கு, ஒளிக்காம சொன்னாங்க. ரொம்ப நாள் நின்ன வண்டிங்கறதால டயர் ஒரு பக்கம் தட்டையா உக்காந்திருக்கு, முதல் அரை மணி நேரம் ஓடுனா சூடாகி கொறையுது. டயர் நாங்க விக்கிறதில்ல, மாத்துறதுக்கு முன்னாடி ஹப்புல வீல் உக்காருற மேடு துருப் பிடிச்சிருக்கானு பாக்கச் சொல்லுங்க, துருவுல வீல் நடுவுல உக்காரலைன்னா புது டயரும் ஆடும்னு சொல்லி அனுப்புனாங்க. டயரோட தேதி பாத்தேன், சைடுல கடைசி நாலு நம்பர் 2319, 2019ல 23வது வாரம், வயசுக்கே மாத்த வேண்டியதுதான். தீபாவளி லாங் வீக்கெண்டுக்கு முன்னாடி மாத்துறதா இருக்கேன், டாலஸ் பக்கம் 22.5க்கு நியாயமான ரேட்டுல ரன்அவுட் (சுத்துறப்ப எவ்வளவு கோணுதுன்னு) அளந்து மாட்டுற கடை யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.